படத்துக்கு நின்ற ஆறு

நாணல்பேட்டைக்கும் அல்லிச்சேரிக்கும் நடுவே ஓடுகிற தாழையாற்றின் மேல் ரயில்பாலம் கட்டத் தொடங்கிய வருஷம், பாலம் வளர்வதைத் தினமும் படம் எடுத்து வாரந்தோறும் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்த வட்டாரத்திலேயே கேமரா வைத்திருந்த ஒரே ஆள் கடைத்தெருவில் போட்டோ ஸ்டுடியோ நடத்தி வந்த கனகாம்புஜம்தான். நாற்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகாதவள், ஊரில் பாதிப் பேரை மூன்றாம் மாதத்தில் குப்புறப் படுக்கவைத்துப் படம் எடுத்தவள், அவர்களையே பிறகு மாலையும் கழுத்துமாக நிற்கவைத்து எடுத்தவள், இன்னும் சிலரைக் கடைசியாக நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்தும் எடுத்தவள். அவளுடைய கேமராவை விட அவளுடைய குரல்தான் பேர் போனது. "ரெடி, யாரும் அசையாதீங்க" என்று அவள் சொன்னால் அழுகிற குழந்தை வாயைத் திறந்தபடியே நிற்கும். ஒருமுறை தாசில்தாருக்கு வந்த தும்மல் பாதியிலேயே திரும்பிப் போய்விட்டது என்றும், அது அவருக்கு அப்புறம் வரவே இல்லை என்றும் ஊரில் சொல்வார்கள்.

முதல் நாள் சைட் இன்ஜினியர் பத்ரிநாத் அவளைக் கரைக்கு அழைத்துப் போனார். இருபத்தாறு வயதுப் பையன்தான், ஆனால் தலைக்குத் தொப்பியும் கைக்கு நோட்டுமாக ஐம்பது வயதுக்காரர் போல நடப்பார். முதல் தூணுக்கான கம்பிகள் ஆற்றுக்குள்ளிருந்து கோரைப்புல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன, அவற்றைச் சுற்றிப் பதினைந்து ஆட்கள் நின்றார்கள், நடு ஆற்றில் மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மீன்காரி செல்லக்கண்ணு அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அம்புஜம் கேமராவைத் தூக்கி ஒரு கண்ணை வைத்தாள், மறு கண்ணை மூடினாள், எப்போதும் சொல்வதைச் சொன்னாள்.

"ரெடி, யாரும் அசையாதீங்க."

ஆட்கள் நின்றார்கள். ஆறும் நின்றது. முதலில் சத்தம் நின்றது, பிறந்ததிலிருந்து காதில் விழுந்துகொண்டே இருந்ததால் யாருக்கும் கேட்காமலே போயிருந்த அந்தச் சத்தம். பிறகு அலைகள் கஞ்சி போட்டுத் தேய்த்த வேட்டியின் மடிப்பு மாதிரி அப்படி அப்படியே நின்றன, மிதந்துவந்த தென்னமட்டை நின்றது, சுழி ஒன்று சுற்றுவதை விட்டுவிட்டு இட்லித் தட்டின் குழி போல உட்கார்ந்தது, கொக்கு குனிந்து தன் காலைப் பார்த்தது. அம்புஜம் பட்டனை அழுத்தினாள். 'டிக்' என்றதும் ஆறு விட்ட இடத்திலிருந்து கிளம்பிப் போனது.

"அக்கா, இன்னொரு படம் எடுங்களேன்!" என்று நடு ஆற்றிலிருந்து செல்லக்கண்ணு கத்தினாள். "அதுக்குள்ள அக்கரை போயிடறேன்!"

"எதுக்குடி?"

"நீங்க அசையாதீங்கன்னதும் ஆறு நின்னுச்சுல்ல? இழுப்பே இல்லக்கா. எங்க வீட்டு முத்தத்துல நடக்குற மாதிரி இருந்துச்சு."

அம்புஜம் இன்னொரு படம் எடுத்தாள், செல்லக்கண்ணு கரை ஏறினாள், பத்ரிநாத் நோட்டைத் திறந்து தேதி போட்டு 'ஆறு ஒத்துழைக்கிறது' என்று எழுதிக்கொண்டார்.

தாழையாற்றில் கோடையில் தண்ணீர் இடுப்பளவுதான். ஆளைக் கொல்வது அதன் இழுப்பு. அந்த இழுப்பு போய்விட்டது என்று தெரிந்ததும் இரு கரையும் அதற்கேற்றபடி தன்னை மாற்றிக்கொள்ள ஒரு மாதம் கூட ஆகவில்லை. பஞ்சாயத்து அலுவலகத்தின் கரும்பலகையில் ரேஷன் அரிசி, போலியோ சொட்டு மருந்து ஆகியவற்றுக்குக் கீழே 'ஆறு நிற்கும் நேரம்: காலை பத்து முதல் பத்தேகால் வரை' என்று எழுதிப் போட்டார்கள். அல்லிச்சேரிப் பிள்ளைகள் புத்தகப்பையைத் தலையில் வைத்து அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்துக்கு வந்ததால் முதல் மணி பத்து இருபதுக்கு மாறியது. துணி துவைப்பவர்கள் சேலையை விரித்து நீர்மேல் போட்டுவிட்டு இடுப்பில் கைவைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள், அது எங்கும் போகாமல் அங்கேயே கிடந்தது. ஆற்றில் கொலுசைத் தொலைத்தவள் அதைத் தேடி எடுத்தாள், தேடாத இருவருக்கும் ஒவ்வொரு கொலுசு கிடைத்தது. கீழே ஐந்து மைல் தள்ளியிருந்த காவனூரிலிருந்து மட்டும் ஆட்கள் திரண்டு வந்து, "உடம்பெல்லாம் சோப்புப் போட்டுக்கிட்டு நிக்கிறப்ப தண்ணி வரலேன்னா என்ன அர்த்தம்?" என்று சண்டைக்கு நின்றார்கள். பத்து மணிக்கு முன்பே குளித்துவிடுவது என்று முடிவாகி, பேசிக் காப்பி குடித்துக் கலைந்தார்கள். ஆறு ஏன் நிற்கிறது என்று எவரும் கேட்கவில்லை. அம்புஜம் சொன்னால் தாசில்தாரே நிற்கிறார்.

பாலக்காரர்களுக்கு இது பெரிய சௌகரியம். பாலத்தின் தூணுக்கு அடியில் முதலில் ஒரு கிணறு இறக்க வேண்டும்: கான்கிரீட்டில் பெரிய வளையம் வார்த்து ஆற்றுப்படுகையில் நிறுத்தி, ஆட்கள் உள்ளே இறங்கி அடிமண்ணைத் தோண்டித் தோண்டி மேலே அனுப்ப, வளையம் தன் பாரத்திலேயே பூமிக்குள் போகும். ஆறு வளையத்தை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருப்பதுதான் அதில் தலைவலி. "அம்மா, படம் எடுக்கறதைக் கொஞ்சம் மெதுவா எடுங்களேன்" என்று பத்ரிநாத் கேட்டுக்கொண்டார். அவள் கண்ணை வைத்து விரலை அழுத்தாமல் பதினைந்து நிமிஷம் நிற்பாள், அதற்குள் பாவாடை என்கிற மேஸ்திரி வளையத்தை நூல் பிடித்து நிறுத்திவிடுவார். முக்காலி வாங்கித் தந்தும் பார்த்தார்கள். கேமராவை அதில் பொருத்திவிட்டு அவள் நகர்ந்தால் ஆறு அதை மதிக்கவில்லை.

இது பிடிக்காத ஒரே ஆள் படகுக்காரர் கோதண்டம். இரு கரைக்கும் நடுவில் முப்பது வருஷமாகப் படகு விட்டவர், மனைவி இறந்து ஒன்பது வருஷம் ஆனவர், ஊரே அண்ணே என்று கூப்பிடுகிற மனிதர். அம்புஜம் மட்டும் ஏனோ அவரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. ஒருநாள் அவர் ஈரக்காலோடு ஸ்டுடியோவுக்குள் வந்து, வழவழவென்ற சிமெண்டுத் தரையில் வாசலிலிருந்து மேஜை வரை தடம் பதித்துவிட்டு நின்றார்.

"பாலம் வந்தா என் பொழப்பு போகும், அது தெரிஞ்சதுதான். அதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்குன்னு பார்த்தா நீங்க இப்பவே முடிச்சு வச்சுட்டீங்க. ஆத்தை நிறுத்த நீங்க யாரு?"

"நான் நிறுத்தலை படகுக்காரரே. படத்துக்கு நிக்குது. அதுக்கு ஆசை."

"ஆசைன்னு உங்ககிட்ட வந்து சொல்லிச்சா?"

"பிடிக்காம நிக்கிறவங்க முகத்தைப் பார்த்தா எனக்குத் தெரியும். இருபது வருஷமா அதைத்தானே பார்க்கிறேன்."

கோதண்டம் சுவரில் மாட்டியிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டார். அவர் போன பிறகு அம்புஜம் தரையைத் துடைக்கத் துணியை எடுத்தாள், துடைக்காமல் வைத்துவிட்டாள், தடம் தானாகக் காய்ந்தது.

புரட்டாசியில் ஒரு வாரம் படம் கெட்டுப்போய் வந்தது. தூண் தெளிவாக இருந்தது, ஆட்கள் தெளிவாக இருந்தார்கள், ஆறு மட்டும் புகைபோலக் கலங்கியிருந்தது. அடுத்த வாரமும் அப்படியே. 'ஆறு அசைந்துள்ளது, கவனிக்கவும்' என்று எழுதி மேலிடம் படத்தைத் திருப்பி அனுப்பியது. மூன்றாவது வாரம் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறு நடுவில் ஒரு துளி நகர்ந்துவிட்டு மறுபடி நின்றது. கடைத்தெருவில் எல்லாரும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், செல்லக்கண்ணுதான் மீன் ஆய்ந்துகொண்டே, "இத்தனை மாசமா படம் எடுத்தீங்களே, ஆத்துக்கு ஒரு காப்பி போட்டுக் கொடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

அம்புஜத்துக்கு வெட்கமாகிவிட்டது. தெருவில் போகிற நாய்க்கு எடுத்த படத்துக்குக்கூட நாயின் சொந்தக்காரருக்குக் காப்பி தந்தவள் அவள். அன்றைக்கே நல்ல படமாக ஒன்று பொறுக்கி, பெரிதாகப் போட்டு, ஓரத்தில் வளைவு வெட்டி, செல்லக்கண்ணு கையில் கொடுத்தனுப்பினாள். செல்லக்கண்ணு அதை நீரில் விட்டாள். படம் கொஞ்ச நேரம் அங்கேயே சுற்றியது, பிறகு ஓட்டத்துக்கு எதிராக மேற்கே, மலையைப் பார்த்து, யாருக்கோ காட்டக் கொண்டுபோவது போலப் போனது. அதற்குப் பிறகு ஆறு ஒருநாளும் அசையவில்லை.

ஐப்பசி பிறந்தது. நாணல்பேட்டையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது, ஆனால் மலைமேல் மூன்று நாளாக மழை. ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு நான்காம் தூணின் கிணற்றுக்குள், முப்பதடி ஆழத்தில், மேஸ்திரி பாவாடையும் ஐந்து ஆட்களும் மண் தோண்டிக்கொண்டிருந்தபோது, மேற்கே ரயில் வருவது போல ஒரு சத்தம் கேட்டது. தண்டவாளமே போடாத ஊரில் ரயில் எப்படி வரும் என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாள் உயரத்துக்குச் செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, முன்னால் வேரோடு ஒரு புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு.

அம்புஜம் அன்று கரையில்தான் இருந்தாள். நான்காம் கிணறு புங்கமரத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது. அவள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் ஆறு முழுசாகக் கண்ணில் படாது. அவள் செருப்பை விட்டுவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீருக்குள் முழங்கால் ஆழம் இறங்கி நின்று கேமராவைத் தூக்கினாள். அவள் கால் நடுங்கியது. குளிர் போலிருக்கிறது என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள்.

"ரெடி! யாரும் அசையாதீங்க!"

வெள்ளம் நான்காம் கிணற்றுக்கு இருபது கஜம் முன்னால் நின்றது. புளியமரம் சாய்ந்தபடியே நின்றது, அதன் கிளையிலிருந்த அணில் மட்டும் இறங்கிக் கரைக்கு ஓடியது.

பத்ரிநாத் தொப்பியைத் தூக்கி எறிந்துவிட்டுக் கிணற்றுக்கு ஓடினார். வெள்ளம் வந்த அதிர்விலேயே வளையம் சாய்ந்து ஏணி நசுங்கிப் போயிருந்தது. வாளியில் ஒவ்வொருவராகத்தான் தூக்க வேண்டும், அதுவும் சாய்ந்த சுவரில் இடிக்காமல் மெதுவாக. மேற்கே இன்னும் வந்துகொண்டிருந்த தண்ணீர் நின்ற தண்ணீரின் மேல் ஏறி நின்றது, அதன்மேல் இன்னும் வந்தது ஏறியது, பனைமரம் உயரத்துக்கு ஒரு சுவர் ஆற்றின் குறுக்கே எழும்பி வெயிலில் வெல்லப்பாகு நிறத்தில் மின்னியது, அதற்குள் மீன்கள் அலமாரியில் வைத்த மாதிரி இருந்தன. சாதாரணமாக என்றால் ஒரு படம் எடுத்து, உடனே அடுத்ததற்கு ரெடி சொல்லலாம். இந்த வெள்ளத்துக்கு அந்த இடைவெளி போதும் என்று அம்புஜத்துக்குத் தெரியும். ஆகவே அவள் விரலை அழுத்தவில்லை. வாயும் திறக்கவில்லை, ஏனென்றால் கேமராவில் கண் இருக்கும்போது அவள் சொல்லும் எதையும் ஆறு தனக்கென்று எடுத்துக்கொள்ளும்.

முக்கால் மணி நேரத்தில் இரண்டு பேர் மேலே வந்தார்கள். அவள் கை தளர ஆரம்பித்தது. அப்போது கோதண்டம் படகைக் கழியால் தள்ளிக்கொண்டு வந்து, அவள் பக்கத்தில் இறங்கி, ஒரு வார்த்தையும் கேட்காமல் தன் இரு உள்ளங்கைகளையும் அவள் முழங்கைகளுக்கு அடியில் தாங்கலாக வைத்தார். அவர் முதுகு வெள்ளத்தின் பக்கம் இருந்தது. செல்லக்கண்ணு பின்னால் நின்று குடை பிடித்தாள். ஊர் மேட்டுத்தெருவுக்கு ஏறிக்கொண்டிருந்தது, ஆடு மாடும் தலையணையுமாக.

"நீங்க தூங்கிடக் கூடாது, அதுக்காகப் பேசறேன்" என்றார் கோதண்டம். "பாலம் முடிஞ்சா எனக்குப் பொழப்பு இல்ல. உங்க ஸ்டுடியோவுல ஏதாவது வேலை இருக்குமா? ஐயோ, பதில் சொல்லாதீங்க! போன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா அது போயிடும்."

மூன்றாவது ஆள் வந்தான்.

"இன்னொன்னும் கேக்கணும். இந்த ஊர்ல எல்லாரும் என் படகுல ஏறியிருக்காங்க, பிரசவத்துக்குப் போனவ, ஜப்திக்கு வந்தவன், எல்லாரும். நீங்க மட்டும் ஒருநாள்கூட ஏறினதில்ல. நான் என்ன தப்பு செஞ்சேன்?"

நான்காவது ஆள் வந்தான், ஐந்தாவது ஆளைத் தூக்கும்போது கயிறு சிக்கி நேரமானது. செல்லக்கண்ணு கட்டிலோடு ஒரு கிழவரைத் தூக்க ஆள் பற்றாமல் குடையை அவர்கள் இருவர் தலைக்கும் நடுவில் செருகிவிட்டு ஓடினாள். அம்புஜத்தின் மூடாத கண்ணில் தண்ணீர் வழிந்து கன்னத்தில் இறங்கியது, அதைத் துடைக்க அவருக்குக் கை இல்லை.

"என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்றார், மிகவும் தணிந்த குரலில்.

கேமரா ஒரு மயிரிழை ஆடியது. வெள்ளச் சுவரின் உச்சியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் சரிந்து கோதண்டத்தின் முதுகில் கொட்டியது. அவர் திரும்பி அண்ணாந்து பார்த்தார். "சரி சரி, அவசரம் இல்ல, மெதுவா யோசிங்க" என்றார்.

இரண்டரை மணிக்கு மேஸ்திரி பாவாடை கடைசியாக வாளியில் ஏறி வந்தார், வந்ததும் மணலில் உட்கார்ந்து பீடி கேட்டார். எல்லாரும் மேட்டுக்கு ஓடினார்கள். பத்ரிநாத் அங்கிருந்து கையைக் காட்டி, "விட்டுடலாம்மா!" என்று கத்திவிட்டு, சுவரைப் பார்த்துவிட்டு, "வேண்டாம், விடாதீங்க!" என்று அதைவிடச் சத்தமாகக் கத்தினார். ஒரேயடியாக விட்டால் நாணல்பேட்டையும் இல்லை, காவனூரும் இல்லை. விடாமலிருந்தால் இன்னும் ஏறும்.

அப்போது அம்புஜத்துக்குத் தன் தொழில் நினைவு வந்தது. முன்னூறு பேர் நின்று எடுத்த கல்யாணப் படங்கள் எத்தனை எடுத்திருப்பாள்! படம் முடிந்ததும் பந்திக்கு ஓடுவதில் பெஞ்சு கவிழ்ந்து கை முறிந்ததெல்லாம் உண்டு. அதனால் வரிசை வரிசையாகத்தான் கலைத்து அனுப்புவாள். அவள் கண்ணை எடுக்காமல், மூன்றரை மணி நேரத்துக்குப் பிறகு முதன்முதலாக வாயைத் திறந்தாள்.

"தரையில உக்காந்திருக்கிற வரிசை மட்டும் எழுந்திருங்க. மெதுவா. தள்ளாம போங்க. பின்னால நிக்கிறவங்க அப்படியே இருங்க."

சுவரின் அடியிலிருந்து ஒரு முழம் தண்ணீர் புறப்பட்டு, கோதண்டத்தின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு, நான்காம் கிணற்றை ஒட்டினாற்போல் கடந்து போனது.

"அடுத்து நாற்காலிக்காரங்க. பெரியவங்களுக்கு வழி விடுங்க. அந்தப் புளியமரத்தை யாராவது பிடிச்சுக்கிட்டுப் போங்க, தூண்ல இடிக்காம. பெஞ்சு மேல நிக்கிறவங்க குதிக்காதீங்க, எல்லாருக்கும் பந்தியில இடம் இருக்கு."

வெள்ளம் கல்யாணக் கூட்டம் போல, பேசிக்கொண்டும் சலசலத்துக்கொண்டும், வரிசை வரிசையாகப் போனது. மேட்டுத்தெருவில் ஊர் அதை வேடிக்கை பார்த்தது, காவனூர்க்காரர்கள் தங்கள் ஊர்க் கரைமேட்டில் நின்று வரிசைகளை எண்ணினார்கள். ஐந்தரை மணிக்கு, தூங்கி எழுந்தவர் மாதிரி கடைசி வரிசை மெல்லக் கடந்தபோது, அம்புஜம் பட்டனை அழுத்தினாள். அந்தப் படத்தில் ஒரு தூணும் கொஞ்சம் தண்ணீரும்தான் இருந்தன. மேலிடத்தில் அதற்கு 'திருப்தி' என்று முத்திரை குத்தினார்கள்.

கேமராவை இறக்க அவள் கை மறுத்தது. கோதண்டம் ஒவ்வொரு விரலாகப் பிரித்து அதை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அவள் தொண்டையைச் செருமினாள்.

"முதல்ல கேட்டதுக்கு, முடியாது. ஈரக்காலோட உள்ள வர்றவங்களுக்கு ஸ்டுடியோவுல வேலை கிடையாது."

"சரி."

"ரெண்டாவதுக்கு, உங்க தப்பு ஒண்ணும் இல்ல. எனக்குத் தண்ணின்னா பயம். சின்ன வயசுலேருந்தே. கேமராவுக்குள்ள பார்த்தா மட்டும்தான் பயம் இருக்காது."

கோதண்டம் அவள் நின்றிருந்த இடத்தைப் பார்த்தார். தண்ணீர் அவள் இடுப்பைத் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகம் மாறிப்போனது. அவளை அப்படியே தூக்கிப் படகில் உட்காரவைத்தார், அவள் இரு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணாவதா என்ன கேட்டீங்க?" என்றாள். "ஆத்துச் சத்தத்துல சரியா காதில விழலை."

"அப்ப ஆத்துல சத்தமே இல்லையே!"

"காதில விழலைங்கிறேன்."

கோதண்டம் மறுபடி கேட்டார், இந்தத் தடவை சத்தமாக, மேட்டுத்தெரு முழுக்கக் கேட்கும்படி. பதிலை அவள் தணிந்த குரலில்தான் சொன்னாள், ஆனால் அவர் கழியை ஆற்றில் விட்டுவிட்டுச் சிரித்ததில் ஊருக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

பாலம் ஒன்றேகால் வருஷம் கழித்து, தை மாதத்தில் முடிந்தது. நான்காம் தூணைப் புதிதாக இறக்கியதில் நாள் பிடித்தது, அப்போதும் ஆறு நின்று கொடுத்தது. பாலத்தைக் காக்க ரயில்வேக்காரர்கள் கோதண்டத்துக்குக் காவலர் வேலை கொடுத்தார்கள், கையில் பச்சைக் கொடியும் காலுக்கு உலர்ந்த செருப்பும். முதல் ரயிலைப் படம் எடுக்கப் பட்டணத்திலிருந்து நான்கு பேர் பெரிய பெரிய கேமராக்களோடு வந்திருந்தார்கள், ஆகவே அம்புஜத்துக்கு அன்று வேலை இல்லை. அந்த ரயிலிலேயே ஜன்னலோரமாக, அன்று மட்டும் லீவு போட்டிருந்த கோதண்டத்தின் பக்கத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எங்க இருக்கோம்?"

"ரெண்டாவது தூண்."

சக்கரங்களின் சத்தம் மாறியது, கீழே வெறும் காற்று இருப்பது அதில் தெரிந்தது. அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப?"

"நடு ஆறு. நான் பிடிச்சிருக்கேன். கண்ணைத் திறங்க."

அம்புஜம் ஒரு கண்ணைத் திறந்தாள், பிறகு இன்னொன்றையும். கீழே வெகு தூரத்தில், யாரும் எதுவும் சொல்லாததால், ஆறு அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கேமரா இல்லாமல் இரண்டு கண்ணாலும் அவள் அதை நிதானமாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அது இவ்வளவு வேகமாக ஓடும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.